என் கையால் ஒட்டிய பெயர்

கோயம்புத்தூர்
12.2.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

நான் இங்கே சுகம். நீ, அண்ணி, நிவேதா மூவரும் எப்படி இருக்கிறீர்கள் என்று எழுது. பார்சல் வந்து சேர்ந்தது. மிளகாய்த்தூளுக்கு நடுவில் நீ சொருகி வைத்திருந்த கடிதத்தைப் படிக்க ஆரம்பித்து, தும்மித் தும்மியே பாதி நாள் போய்விட்டது. ஊரெல்லாம் போனில் பேசுகிறது, நாம் இரண்டு பேர்தான் இன்னும் காகிதத்தில் எழுதிக்கொள்கிறோம். என்ன செய்ய? நீ கடையில் பத்துப் பேர் கேட்க ஸ்பீக்கரில் போட்டுப் பேசுகிற ஆள். முக்கியமானதை எழுதித்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

இப்போது முக்கியமானது இது. உனக்குச் சர்க்கரை வந்து ஒன்பது வருடம் ஆகிறது. சிறுநீரில் ஆல்புமின் எவ்வளவு போகிறது என்று ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. "கிரியாட்டினின் நார்மல்தானே" என்கிறாய். அப்பாவுக்கும் நாம் அதைத்தானே சொல்லிக்கொண்டிருந்தோம்? கிரியாட்டினின் ஏறும்போது கிட்னி பாதி போயிருக்கும். அதற்குப் பல வருடம் முன்பே இந்தப் புரதம் துளித்துளியாகக் கசிய ஆரம்பிக்கும். வலிக்காது, கால் வீங்காது, சாதாரண டெஸ்டில் தெரியாது. தனியாக அளந்து பார்த்தால்தான் உண்டு. அந்தக் கட்டத்தில் பிடித்தால் மாத்திரையிலேயே நிறுத்திவைக்கலாம். லேபில் தினம் நாற்பது பேருக்கு இதைப் பார்க்கிறேன். சொந்த அண்ணனுக்குப் பார்க்கவில்லை.

அண்ணியையும் விடாதே. நிவேதா வயிற்றில் இருந்தபோது அவருக்குச் சர்க்கரை இருந்தது. அதன்பிறகு பத்தொன்பது வருடமாக, "எனக்கு இன்னா, நான் கல்லு மாதிரி கீறேன்" என்று சொல்லியே தப்பித்துக்கொண்டிருக்கிறார்.

வில்லியனூர் கலெக்‌ஷன் சென்டரில் ரோஸ்லின் இருக்கிறாள், என்னோடு படித்தவள். அவளிடம் இரண்டு பாட்டில் கொடுக்கச் சொல்லியிருக்கிறேன். காலையில் எழுந்ததும் போகிற முதல் சிறுநீர் வேண்டும். ஏழரைக்கு அவளே கடைக்கு வந்து வாங்கிக்கொள்வாள். ரிப்போர்ட் எனக்கு வந்துவிடும்.

டயாலிசிஸ் ஊசி குத்தின தழும்பு தெரியாமலிருக்க, அப்பா கடைசி இரண்டு வருடமும் முழுக்கைச் சட்டையோடு கல்லாவில் உட்கார்ந்திருந்தார். உன்னை அப்படிப் பார்க்க என்னால் ஆகாது.

அண்ணியைக் கேட்டதாகச் சொல்.
உன் தங்கை
வினோதினி

*

வில்லியனூர்
20.2.2024

அன்புத் தங்கை வினோவுக்கு,

எல்லாரும் சௌக்கியம். உன் உடம்பைப் பார்த்துக்கொள். ஊருக்கெல்லாம் டெஸ்ட் எடுக்கிறவள் வேளைக்குச் சாப்பிடுகிறாயா?

உன் பாட்டில்கள் வந்தன. உனக்குக் கொஞ்சமாவது வியாபாரக் குடும்பத்தில் பிறந்த நினைப்பு இருக்கிறதா? போணி ஆவதற்கு முன்னால் கடைக்காரன் கையில் மூத்திர பாட்டில்! அப்பா இருந்திருந்தால் கடையைக் கழுவிவிட்டு மறுபடி சாமி கும்பிடச் சொல்லியிருப்பார். உன் அண்ணி பாட்டிலைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "இன்னாங்க இது, பன்னீர் குடுக்கிற மாதிரி குட்டியூண்டு" என்று சிரித்தாள்.

சரி, கொடுத்தாகிவிட்டது. இரண்டு பாட்டிலையும் கடைக்குப் பின்பக்கம் அரிசி மூட்டை மேல் வைத்திருந்தேன். பெயர் எழுதி ஒட்டி வைக்கச் சொன்னாள் ரோஸ்லின். அதுதானே நமக்குத் தொழில். உளுந்துக்கும் துவரைக்கும் ஒட்டுகிற அதே சீட்டில் எழுதி ஒட்டிவிட்டேன். என் சீட்டை நம்பி பாகூரிலிருந்து பஸ் ஏறி வந்து பொட்டலம் வாங்கிப் போகிறவர்கள் இருக்கிறார்கள். ரோஸ்லினும் நம்பி வாங்கிப் போனாள்.

வேறு விசேஷம் இல்லை. தனியாத்தூள் அடுத்த முறை அனுப்புகிறேன்.

அன்புடன்
செந்தில்நாதன்

*

கோயம்புத்தூர்
4.3.2024

அன்புள்ள அண்ணா,

நலம் விசாரித்து எழுதத்தான் உட்கார்ந்தேன். கை ஓடவில்லை.

ரிப்போர்ட் வந்துவிட்டது. முப்பதுக்குள் இருக்க வேண்டியது உனக்கு 168. அண்ணிக்கு வெறும் 9.

லேபில் ஒரு மூலையில் போய் அழுதுவிட்டுத்தான் எழுதுகிறேன். ஆனால் நீ பயப்படாதே. இது ஆரம்பம்தான். முந்நூறைத் தாண்டினால்தான் கஷ்டம். ஒரு டெஸ்டை வைத்து முடிவும் கட்டக் கூடாது. காய்ச்சல், நீர்க்கடுப்பு இருந்தாலும் கூடும். மூன்று மாதத்துக்குள் இன்னும் இரண்டு தடவை பார்க்க வேண்டும். அதற்குள் டாக்டரைப் பார். கசிவைக் குறைக்கிற மாத்திரை எழுதித் தருவார். உப்பைக் குறை. ஊறுகாய், அப்பளம், கருவாடு கூடாது. ஒன்றை மட்டும் பெரிய எழுத்தில் எழுதி மாட்டிவை. மெடிக்கலில் கேட்டு வாங்குகிற வலி மாத்திரையைத் தொடவே கூடாது. அது கிட்னிக்கு விஷம்.

நீ மறைப்பாய் என்று தெரியும். அதனால் அண்ணிக்கே போன் பண்ணிச் சொல்லிவிட்டேன். கோபப்படாதே. அண்ணி சொன்னது சரிதான், அவர் கல்லுதான். இனி அவரை நச்சரிக்க மாட்டேன்.

உடனே பதில் போடு.
வினோ

*

(இந்தக் கடிதம் அனுப்பப்படவில்லை. கல்லாப்பெட்டியின் அடியில் இருந்தது.)

வில்லியனூர்
10.3.2024

வினோ,

எப்படி இருக்கிறாய் என்று கேட்கக்கூட வெட்கமாக இருக்கிறது.

அந்த 168 என்னுடையது இல்லை. உன் அண்ணியுடையது.

அன்று காலை என் பாட்டிலில் நுரை நின்றது. அப்பா கடைசியில் பாத்ரூம் போய்விட்டு வந்தால் நுரை நிற்குமே, அது ஞாபகம் வந்துவிட்டது. இவனும் அப்பன் மாதிரிதான் போகப்போகிறான் என்று கடைவீதியே பார்க்கும். நீ அழுவாய். நான் முழுக்கைச் சட்டை தைக்கக் கொடுக்க வேண்டும். சீட்டு எழுதும்போது சிவகாமி பாட்டிலில் என் பெயரை ஒட்டினேன். என் பாட்டிலில் அவள் பெயரை ஒட்டினேன்.

அவளுக்குக் கெட்டதாக வந்தால் யாரும் நம்ப மாட்டார்கள், தப்பாக வந்திருக்கும் என்று மறுபடி எடுப்பார்கள், சரியாக வந்துவிடும் என்று மனது கணக்குப் போட்டது. அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மை என்னவென்றால், என் நோயைப் பெண்டாட்டி பெயரில் எழுதினேன். பயத்தில் செய்தேன் என்றுகூடச் சொல்ல முடியாது. எழுதின சீட்டைப் பார்த்தேன். கையெழுத்து நன்றாகவே இருந்தது.

இப்போது பார்த்தால் என்னுடையது வெறும் நுரைதான். எனக்கு ஒன்றுமில்லை, அவளுக்கு இருக்கிறது. அவளுக்கு அது தெரியாது. நீ போன் பண்ணின நாளிலிருந்து எனக்கு உப்பில்லாமல் தனியாகச் சமைக்கிறாள். எனக்காக மீன்குழம்பில் உப்பைக் குறைத்துவிட்டு, தன் தட்டில் தொட்டுக்கொள்ள ஊறுகாய் வைத்துக்கொள்கிறாள். எதிரில் உட்கார்ந்து சாப்பிடுகிறேன்.

இதை உனக்கு அனுப்பினால் அதன்பிறகு நான்

*

வில்லியனூர்
28.3.2024

அன்புத் தங்கைக்கு,

நலம். உன் கடிதம் கிடைத்தது. பங்குனி வியாபாரம், அதனால் தாமதம். நான் நன்றாகத்தான் இருக்கிறேன், கவலைப்படாதே. டாக்டரைப் பார்த்துக்கொள்ளலாம்.

ஒரு சந்தேகம். நம் கடைக்கு வருகிற ஒருவருக்காகக் கேட்கிறேன். சர்க்கரை இருப்பதே தெரியாத ஒருவருக்கு இப்படிக் கசிந்துகொண்டிருந்தால் எத்தனை நாள் தாங்கும்? முட்டிவலிக்கு வலி மாத்திரையும் போடுகிறார். கண்ணில் பட்டபோதெல்லாம் அட்டையைத் தூக்கி எறிந்தாலும் மறுபடி வாங்கி வந்துவிடுகிறார். என்ன சொல்லி நிறுத்தலாம்?

தனியாத்தூள், சாம்பார் பொடி வைத்திருக்கிறேன்.

அன்புடன்
செந்தில்நாதன்

*

கோயம்புத்தூர்
9.4.2024

அன்புள்ள அண்ணா,

சுகம்தானே? "டாக்டரைப் பார்த்துக்கொள்ளலாம்" என்றால் இன்னும் பார்க்கவில்லை என்று அர்த்தம். உன் பாஷை எனக்குத் தெரியாதா?

அந்தக் கடைக்காரருக்கு, மன்னித்துக்கொள், கடைக்கு வருகிறவருக்குச் சொல். எத்தனை நாள் தாங்கும் என்று கேட்கிற விஷயமா இது? சர்க்கரையும் கட்டுப்பாடில்லாமல், வலி மாத்திரையும் போட்டால் ஒவ்வொரு மாதமும் நஷ்டம்தான். போனது திரும்பி வராது. இப்போதே ரத்தப் பரிசோதனை எடுக்கச் சொல். என்ன சொல்லி நிறுத்துவது என்று சுற்றி வளைக்காதே. உண்மையைச் சொன்னால் நிறுத்திவிடப் போகிறார். அடுத்தவர் கிட்னிக்கு இவ்வளவு கவலைப்படுகிறாய், உன்னுடையதற்கு எப்போது படப்போகிறாய்?

அண்ணிக்கு என் அன்பு.
வினோ

*

கோயம்புத்தூர்
30.5.2024

அண்ணா,

இரண்டு பார்சல் வந்தது. இரண்டிலும் பொடிதான் இருந்தது, கடிதம் இல்லை. பொட்டலத்தை எல்லாம் பிரித்துக் கொட்டித் தேடினேன். போன் பண்ணினால், "கூட்டமா கீதுமா, அப்பறம் பேசறேன்" என்கிறாய். ரோஸ்லின் இரண்டு தடவை வந்தாளாம். இரண்டு தடவையும் திருப்பி அனுப்பியிருக்கிறாய்.

நேற்று அண்ணியோடு பேசினேன். உன் கிட்னிக்காக வேண்டிக்கொண்டிருக்கிறாராம். தேரன்றைக்கு நாலு வீதியும் வெறுங்காலோடு சுற்றப்போகிறாராம். "எங்க வூட்டுக்காரருக்கு ஒண்ணும் ஆவக் கூடாது வினோ, அவரு முன்ன மாதிரி இல்ல, சோத்துல கை வச்சிட்டு அப்டியே ஒக்காந்துகினு கீறாரு" என்று அழுகிறார். வெயில் மண்டையைப் பிளக்கிற நேரத்தில் ஒருத்தி உனக்காகத் தாரில் நடக்கத் தயாராக இருக்கிறாள். உன்னால் ஒரு பாட்டிலில் மூத்திரம் பிடித்துக் கொடுக்க முடியவில்லை.

நான் உன்னை ஏதாவது புண்படுத்திவிட்டேனா? அதையாவது எழுது.

வினோ

*

வில்லியனூர்
2.7.2024

வினோ,

இதோடு ஒரு பழைய கடிதத்தை மடித்து வைத்திருக்கிறேன். மார்ச் மாதம் எழுதி முடிக்காமல் விட்டது. முதலில் அதைப் படி. படித்துவிட்டுத் தொடர்ந்து இதைப் படிக்க மனம் வந்தால் படி.

படித்துவிட்டாயா? அதுதான் உன் அண்ணன்.

தேரன்றைக்கு நான் தடுத்திருக்கலாம். "வேணாம் சிவகாமி, வெயிலு" என்றேன். "உங்களுக்காகத்தானே" என்றாள். அதற்குமேல் சொல்ல ஒரே ஒரு வாக்கியம்தான் இருந்தது. அதை நான் சொல்லவில்லை. கடை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். தலையில் ஈரத்துணியைப் போட்டுக்கொண்டு, கூட்டத்தோடு கூட்டமாக என்னைத் தாண்டிப் போனாள். பார்த்துச் சிரித்துவிட்டுப் போனாள். தன் கிட்னியை வைத்துக்கொண்டு என் கிட்னிக்காக நடந்தாள் வினோ. நான் ஒருவருக்குக் கால் கிலோ கடுகு நிறுத்துக்கொண்டிருந்தேன்.

வலது காலில் கொப்புளம் வந்து உடைந்தது. இன்னும் ஆறவில்லை. மஞ்சளை வைத்துக் கட்டுகிறாள். ஓரமெல்லாம் கறுத்துக்கொண்டு வருகிறது. சர்க்கரை உள்ளவனுக்குப் புண் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாதா? நேற்று அவள் காலைத் தூக்கி என் மடியில் வைத்து மருந்து போட்டேன். "இன்னா திடீர்னு இவ்ளோ பாசம்" என்று கிண்டல் பண்ணினாள். எழுந்து வெளியே போய்விட்டேன்.

உன் முகத்தில் விழிக்க எனக்கு யோக்கியதை இல்லை. என்ன செய்ய வேண்டும் என்று மட்டும் சொல்.

செந்தில்நாதன்

*

கோயம்புத்தூர்
6.7.2024

அண்ணனுக்கு,

உன் நலத்தை இன்றைக்கு நான் விசாரிக்கப் போவதில்லை.

நான்கு மாதம். அந்த மூலையில் போய் அழுதேனே, அது அண்ணிக்கு அழ வேண்டிய அழுகை. அதைக்கூட நீ எடுத்துக்கொண்டாய். அப்பா நோயை மறைத்தார், ஆனால் தன் சட்டைக்குள்தான் மறைத்தார். நீ அடுத்தவள் பெயருக்குள் மறைத்திருக்கிறாய்.

நீ மாற்றி ஒட்டினதால்தானே அண்ணியைப் பற்றித் தெரிந்தது என்று மனதைத் தேற்றிக்கொள்ளாதே. சரியாக ஒட்டியிருந்தாலும் தெரிந்திருக்கும். மார்ச்சிலேயே மருந்து ஆரம்பித்திருப்போம்.

என் மேலும் தப்பு இருக்கிறது. வயிற்றுப்பிள்ளையோடு சர்க்கரை வந்தவர் என்று தெரிந்தும், ஒன்பது என்ற எண்ணைப் பார்த்ததும் ரத்தப் பரிசோதனை கேட்காமல் விட்டவள் நான்தான். உன் சீட்டை நானும் நம்பினேன்.

இந்தக் கடிதம் கையில் கிடைத்தவுடன் அண்ணியை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போ. புண்ணைக் காட்டு, ரத்தம் கொடு, புதிதாகச் சிறுநீர் கொடு. வலி மாத்திரை இனி ஒன்றுகூடக் கூடாது. போவதற்கு முன்னால் நீயே வாயைத் திறந்து சொல்ல வேண்டும். நான் சொல்ல மாட்டேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குள் நீ சொல்லவில்லை என்றால் திங்கட்கிழமை காலை உன் கடை வாசலில் நிற்பேன்.

வினோதினி

*

வில்லியனூர்
5.8.2024

அன்பு வினோதினிக்கு அண்ணி எழுதிக்கொள்வது,

இங்கே எல்லாரும் இருக்கிறோம். நீ சரியாகச் சாப்பிட்டுத் தூங்கு கண்ணு. எனக்கு எழுதிப் பழக்கமில்லை. உங்கள் அண்ணன் தங்கைக் கடிதத்தில் நான் எப்போதும் தலையிட்டதும் இல்லை. இதை எழுதவேண்டும் என்று தோன்றியது.

போன மாதம் ஒரு சனிக்கிழமை காலையில் கடை திறக்கப்போனவர் சாவியோடு திரும்பி வந்தார். அடுப்படியில் நின்றுகொண்டே சொன்னார். நான் ரசத்துக்குப் புளி கரைத்துக்கொண்டிருந்தேன். கரைத்து முடித்துவிட்டுத்தான் நிமிர்ந்தேன்.

எனக்குச் சர்க்கரை முந்நூறுக்குப் பக்கம் இருக்கிறதாம். சிறுநீரில் இந்தத் தடவை 181. டாக்டரம்மா, இன்னும் நேரம் இருக்கிறது, சொன்னபடி கேட்டால் கிட்னியைக் காப்பாற்றிவிடலாம் என்றார். மாத்திரை ஆரம்பித்தாகிவிட்டது. புண்ணைச் சுத்தம் பண்ணிக் கட்டுகிறார்கள், ஆறிக்கொண்டு வருகிறது. ஒரு வாரம் தள்ளி வந்திருந்தால் விரலை எடுக்க வேண்டியிருந்திருக்கும் என்று சொன்னார்கள். கல்லு மாதிரி கீறேன் என்று ஊரெல்லாம் பீற்றிக்கொண்டேன். இப்போது வெளியே தலைகாட்ட எனக்கும் வெட்கமாகத்தான் இருக்கிறது.

உன் அண்ணன் மேல் கோபம் இல்லை என்று எழுதினால் அது பொய். ராத்திரி பகல் எனக்குள் எரிகிறது. பயந்தார், சரி. நானும்தான் பத்தொன்பது வருடம் பயந்து டெஸ்ட் எடுக்காமல் இருந்தேன். ஆனால் நான் என் பயத்தை யார் தலையிலும் வைக்கவில்லை.

அவரிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டேன். "நீங்க நெனச்ச மாதிரியே ஒங்களுதுதான் கெட்டதா இருந்து, அது எம்பேர்ல வந்திருந்தா, அப்ப வந்து எங்கிட்ட உண்மைய சொல்லியிருப்பீங்களா?" அவர் பதில் சொல்லவில்லை. இன்றோடு இருபத்து மூன்று நாள். சோறு போட்டால் சாப்பிடுகிறார். மாத்திரையை எடுத்து, தண்ணீரோடு கொண்டுவந்து கையில் கொடுக்கிறார். அந்தக் கேள்விக்கு மட்டும் பதில் இல்லை.

ஒரு விஷயம் உனக்கு மட்டும் சொல்கிறேன். கடையிலிருந்து அவர் எடுத்து வருகிற பொட்டலத்தை டப்பாவில் கொட்டுவதற்கு முன்னால் முகர்ந்து பார்க்கிறேன். சீட்டில் மல்லி என்றுதான் எழுதியிருக்கிறது. இருந்தாலும் முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் கொட்ட வருகிறது. இருபத்தொரு வருடத்தில் இல்லாத பழக்கம்.

உடம்பைப் பார்த்துக்கொள்.
சிவகாமசுந்தரி

*

வில்லியனூர்
20.10.2024

அன்புத் தங்கை வினோவுக்கு,

நலம் என்று எழுத இன்றைக்குக் கொஞ்சம் தைரியம் வந்திருக்கிறது. நீ நலமா?

இந்த மாத ரிப்போர்ட் உனக்கும் வந்திருக்கும். உன் அண்ணிக்கு 181 லிருந்து 96 ஆகியிருக்கிறது. சர்க்கரையும் பாதிக்கு மேல் இறங்கிவிட்டது. கால் புண் மூடி, தோல் வந்துவிட்டது. எனக்கு 11.

இந்தத் தடவை ரோஸ்லினை வரவேண்டாம் என்று சொல்லிவிட்டேன். சீட்டை உன் அண்ணிதான் எழுதி ஒட்டினாள். இரண்டு பாட்டிலையும் பையில் போடாமல் கையில் எடுத்துக்கொண்டு, கடை திறப்பதற்கு முன்னால் கடைவீதி வழியாகச் சென்டருக்கு நடந்து போனேன். பூ விற்கிற தையலம்மாள், "இன்னா மொதலாளி, காலங்காத்தால கையில இன்னாத்த எடுத்துகினு போற?" என்று கேட்டாள். "மூத்திரம்கா. எங்க வூட்டுக்காரிக்குக் கிட்னி டெஸ்ட்டு, எனக்குந்தான்" என்றேன். கொஞ்ச நேரம் கழித்துக் கடைக்கு வந்து, "எனக்கும் சக்கரை கீதுபா, அத்த எங்க எடுக்கறாங்க?" என்று கேட்டுவிட்டு, கால் கிலோ வெல்லம் வாங்கிப் போனாள். அதுதான் அன்றைக்குப் போணி.

உன் அண்ணி என்னிடம் கேட்ட கேள்வி உனக்குத் தெரியும் என்றாள். முந்தாநாள்தான் பதில் சொன்னேன். ஆமாம், சொல்லியிருப்பேன் என்று சொல்லிவிடலாமா என்று மூன்று மாதமாக யோசித்தேன். அதுவும் இன்னொரு தப்பான சீட்டுதான் என்று தோன்றியது.

"சொல்லியிருக்க மாட்டேன் சிவகாமி" என்றேன்.

"தெரியும்," என்றாள். "ஒங்க வாயால வரணும்னுதான் இருந்தேன்."

உனக்கும் எழுதச் சொன்னாள். அதனால்தான் எழுதுகிறேன். எழுதிக்கொண்டிருக்கும்போதே கூசுகிறது.

பிறகு எழுந்துபோய், நான் கொண்டுவந்த மல்லிப் பொட்டலத்தைப் பிரித்தாள். முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் டப்பாவில் கொட்டினாள். அவள் அப்படிச் செய்வதை நான் பல நாளாகப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். அவளுக்கு அது தெரியாது. நிறுத்து என்று சொல்ல எனக்கு வாய் இல்லை.

மிளகாய்த்தூளும் மல்லித்தூளும் அனுப்பியிருக்கிறேன். நீயும் முகர்ந்து பார்த்துவிட்டே கொட்டு.

உன் அண்ணன்
செந்தில்நாதன்